மாடிப்படியும் சட்டமும்

ஏழைகளுக்கு வீடமைத்துக் கொடுப்பது சர்க்காரின் கடமை என்பதை இந்நாளில் எந்தக் கட்சியினரும் மறுப்பதில்லை. கட்டி முடித்த வீடுகளின் எண்ணிக்கை மேடைதோறும் முழங்கப்படுகிறது. ஆனால், கால் வழங்காதவரும் கண் தெரியாதவரும் அவ்வீட்டின் வாசலை எவ்வாறு அடைவார்கள் என்று கேட்போர் வெகு சிலரே. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி உடற்குறையுள்ளோர் நமது ராஜ்யத்தில் சுமார் 11.8 லக்ஷம் பேர். இவர்களை ஒரு சிறு கூட்டமென்று ஒதுக்கிவிட யாருக்கும் நியாயமில்லை.

சென்னை நகரத்தின் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் ஸ்தாபிக்கப்பட்டது. ஆரம்பத்தில், குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் கட்டடங்களை எழுப்புவதே அதன் நோக்கமாயிருந்தது. 1977-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் தண்ணீர், சாக்கடை வசதிகளுடன் சிறு மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. வீட்டை அவரவர் சக்திக்கேற்பக் கட்டிக்கொண்டனர். அத்தகைய மனையில் நடக்க முடியாத தாயாருக்குத் தெருவோடு தெருவாக ஓர் அறை அமைத்துக்கொள்ள எந்த உத்தியோகஸ்தரின் தயவும் வேண்டியதில்லை. 2000-க்குப் பின்னரோ காற்று வேறு திசையில் அடித்தது. நகரத்தின் மத்தியிலிருந்து வெகு தொலைவில் கண்ணகி நகரும், அதன் பின் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களும் எழுந்தன. 2015-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தையொட்டி நதிக்கரைவாசிகளான அநேக குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. 2021-இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயரில் நமக்கு யாதொரு ஆக்ஷேபமுமில்லை.

பழைய இடத்தில் தெருமுனைப் பெட்டிக்கடையில் உட்கார்ந்து நாலு காசு சம்பாதித்தவர், புதிய இடத்தில் ஆறாவது மாடியில் உட்கார்ந்து என்ன செய்வார்? பழகிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பஸ்ஸின் படியில் ஏற இயலாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம், வீட்டுக்குச் செலுத்தும் மாதத் தவணையையே விழுங்கிவிடும். இது சகாய விலை வீடு என்று சொல்லப்படுகிறது! நகரத்திலேயே வாடகைக்கு இருக்கலாமென்றால், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் வாசலிலேயே நின்று மறிக்கிறது.

சட்டம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, சர்க்கார் வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து இவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டுமென்றும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை வேண்டுமென்றும் விதிக்கிறது. ஆனால், எந்த மாடியில் என்று அப்பிரிவு சொல்லவில்லை. 2015-இல் ஆரம்பமான பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் விதிமுறைகள் அதைச் சொல்லுகின்றன. உடற்குறையுள்ளோருக்கும் முதியோருக்கும் தரைத்தளமோ கீழ்த்தளமோ “கூடியவரையில்” கொடுக்கவேண்டுமாம். இந்தக் “கூடியவரையில்” என்ற ஒரு வார்த்தையில்தான் ஏழையின் உரிமை அத்தனையும் நழுவிப்போகிறது. வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இவ்வார்த்தையின் மகிமை நன்றாகத் தெரியும். கொடுத்தால் தருமம், கொடுக்காவிட்டால் குற்றமில்லை என்பதே அதன் பொருள்.

சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. மேற்படி சட்டத்தின் கீழ் 2017-இல் செய்யப்பட்ட விதிகளில் 15-ஆவது விதி, சட்டம் கட்டளையாக இட்டதை வெறும் யோசனையாகத் தணித்துவிட்டது என்று கண்டு, அது செல்லாதென்று கோர்ட்டார் தீர்மானித்தனர். கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவுமிட்டனர். கட்டடங்களைப் பற்றிய இந்த நியாயம், அவற்றில் வீடு ஒதுக்கும் முறைக்கு மட்டும் ஏன் பொருந்தக்கூடாது?

எல்லோருக்கும் தரைத்தளம் கொடுக்க இடமேது என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். கணக்குப் பார்ப்போம். எட்டு அடுக்குக் கட்டடத்தில் தரைத்தளம் எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நாலு அடுக்கானால் நூற்றுக்கு இருபத்தைந்து. சட்டம் ஒதுக்கச் சொல்வது ஐந்து. முதியோருக்குக்கூட இதில் இடம் மிஞ்சும். மின்தூக்கி இருக்கிறதே என்பது இன்னொரு சமாதானம். மின்சாரம் நின்ற இரவில் பிரசவ வலி கண்டவளும் பக்கவாத நோயாளியும் எதில் இறங்குவார்கள்?

தரைத்தளம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று அடி உயர அஸ்திவாரத்துக்கு 36 அடி. அதைப் படம் வரையும்போதே ஒதுக்கவேண்டும். கட்டிய பிறகு ஒட்டவைத்தால் ஆள் சறுக்கி விழும் பலகையாகத்தான் முடியும். வழக்கமாகக் குளியலறைக்கு வைக்கும் இரண்டரை அடிக் கதவில் நாற்காலி எளிதில் நுழையாது; சுமார் மூன்று அடி வேண்டும். கட்டும்போது செய்தால் இதற்கு ஆகும் செலவு அற்பம்.

குலுக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரபட்சமின்றி வீடு வழங்கக் குலுக்கல் நல்ல முறைதான். ஆயினும், குலுக்கலுக்கு முன்பே உடற்குறையுள்ளோரின் குடும்பங்களைத் தனியே எழுதித் தரைத்தளத்தை அவர்களுக்குப் பிரித்த பின்னரே மற்ற சீட்டுகள் பானைக்குள் போகவேண்டும். குடியேறிய பின் விபத்தாலோ சர்க்கரை நோயாலோ காலை இழந்தவருக்குக் கீழ்வீட்டுக்கு மாறிக்கொள்ளும் உரிமையும் எழுத்தில் இருக்கவேண்டும். இப்போது அவர் ஒவ்வொரு காரியாலயமாக மனுவைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியிருக்கிறது. அவரோ படியிறங்கவே முடியாதவர்!

தொண்டர்களுக்கு இதில் வேலையிருக்கிறது. தங்கள் பகுதியில் அடுத்த ஒதுக்கீடு நடக்குமுன் நடக்க இயலாதவர், கண்பார்வையற்றவர் யார் யார் என்று வீடு வீடாகச் சென்று ஜாபிதா எழுதி, அதை வாரியத்தின் காரியாலயத்திலும் கலெக்டரிடமும் கொடுத்து ரசீது பெறட்டும். குலுக்கலன்று அந்த ஜாபிதாவின் பிரதியுடன் பானைக்கருகில் நிற்கட்டும்.