சொறியச் சொறியச் சுகம், பிறகு?

சென்ற இதழில் வேர்க்குருவைப் பற்றி எழுதியதும், "கரப்பானைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று சில சகோதரிகள் கேட்டிருந்தார்கள். எழுத வேண்டிய விஷயம்தான். என் வீட்டிலேயே பட்ட அனுபவம் இருக்கிறதே!

என் மகள் பிரசவத்துக்காக அம்பத்தூரில் எங்களோடு இருந்தாள். பேரனுக்கு நாலு மாதம் ஆனபோது இரண்டு கன்னங்களும் சிவந்து தடித்து, பொரிப் பொரியாகக் கிளம்பி நீர் கசிந்தது. இரவெல்லாம் கன்னத்தைத் துணியில் தேய்த்து அழுவான். "கரப்பான்டி இது! தாய்க்காரி கத்திரிக்காய், கருவாடு தொடக்கூடாது" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மகள் வெறும் ரசம் சாதத்தோடு நின்றாள். நானோ மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கித் தடவினேன். நாலே நாளில் முகம் பளிச்! நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி தடவினேன். இப்படியே ஒன்றரை மாதம்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். டியூபைப் பார்த்தவர், "அம்மா, இது வீரியமான ஸ்டீராய்டு. பச்சைக் குழந்தை முகத்தில் தடவுகிற மருந்தா?" என்றார். கன்னத்துத் தோல் மெலிந்து சிறு ரத்தக் குழாய்கள் தெரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் சொன்னதைச் சொல்கிறேன். கரப்பான், அதாவது எக்ஸிமா, ஒட்டுவாரொட்டி அல்ல. அழுக்கினால் வருவதும் அல்ல. அதில் பல வகை உண்டு.

குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் பரம்பரை வாகு. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் இருக்கும். கைக்குழந்தைக்குக் கன்னத்தில் வரும். வளர்ந்தபின் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வரும். வளர வளரப் பலருக்கும் குறைந்துவிடும்.

இரண்டாவது, ஏதாவது பட்டு வருவது. கவரிங் நகையிலுள்ள நிக்கல், ஸ்டிக்கர் பொட்டின் பசை, சிமெண்டு எல்லாம் காரணமாகலாம். ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு மண்டும் பார்த்தீனியம் செடியும் சிலருக்கு முகம், கழுத்தெல்லாம் அரிப்பைத் தரும்.

மூன்றாவது நம் கையில் வருவது! சோப்புத் தூள், ஓயாத தண்ணீர், பூண்டு உரிப்பது ஆகியவற்றால் விரல் நுனி வெடித்து எரியும். பாத்திரம் துலக்கும்போது உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் நின்று வேலை செய்து, நரம்பு சுருண்டவர்களுக்குக் கணுக்காலருகே கறுத்து அரிப்பதும் ஒரு வகை.

வைத்தியத்தில் முதல் இடம் ஈரப்பசைக்கு. வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் வாசனை சேர்க்காத வாஸ்லைன் போன்ற களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். நாளுக்கு இரண்டு, மூன்று முறை பூசலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மெல்லிய பருத்திச் சட்டையே போடுங்கள். நீர் கசியும் இடத்தில் மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசாதீர்கள். டாக்டர் சொல்லாமல் தாய் பத்தியம் இருக்கவும் வேண்டாம்.

ஆச்சரியம் என்னவென்றால், டாக்டர் எழுதிக் கொடுத்ததும் ஸ்டீராய்டுதான்! ஆனால் வீரியம் குறைந்தது. சில நாட்களுக்கு மட்டும். பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதுமாம். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் மத்திய அரசு விதித்திருக்கிறது. படர்தாமரையைக் கரப்பான் என்று நினைத்து இதைத் தடவினாலோ, அது மறைந்திருந்து பரவும்.

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். நம் பக்கத்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். குளிர் காலத்தில் மட்டும் முழங்கை மடிப்பில் லேசாக எட்டிப் பார்க்கும். "பாட்டி, களிம்பு" என்று அவனே கையை நீட்டுகிறான்.

அடுத்த இதழில் பொடுகு பற்றிப் பார்ப்போமா?