பாகலூருக்கு ஓடுபாதை மட்டும் போதாது

ஓசூர் அருகே பாகலூருக்கும் பேரிகைக்கும் இடையே விமான நிலையம் வரும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, ரோஜாக் குடில்களுக்கு நடுவே நில விலையைத் தவிர வேறு பேச்சில்லை. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நிலம் கொடுப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? பெட்டி சுமப்பதா? விமானிப் பயிற்சிப் பள்ளி இல்லாத திட்டத்தை இந்த வட்டாரம் ஏற்கக் கூடாது.

வணிக விமானி உரிமத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். 300 கடல் மைல் பயணம், இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது என ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. இதற்காகத் தோட்டத்தை அடகு வைத்து அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

செலவு கழுத்தை நெரிக்கிற இடத்தில் பேனா பறக்கத் தொடங்கும். பறக்காமலே எழுதிய மணிகளுக்கு 'பார்க்கர் பேனா மணி' என்று விமானிகளிடையே கேலிப்பெயரே உண்டு. 2011இல் ராஜஸ்தானில் இப்படிப் பொய்க்கணக்கு எழுதியதற்காகக் கைதுகள் நடந்தன. இப்போது பறப்பு மணிகளைப் பதியும் லாக்புக் இணையத்துக்கு வந்துவிட்டது. நல்லதுதான்; ஆனால் கணக்கு நேரானால் மட்டும் கை பழகிவிடாது.

இரட்டை எஞ்சின் விமானத்தில் இது பளிச்சென்று தெரியும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு பின்தங்கினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். விமானமும் அப்படியே, நின்றுபோன எஞ்சின் பக்கம் திரும்பும். பாதி சக்திதானே போயிற்று என்று நினைக்கக் கூடாது. சிறிய விமானங்களில் மேலேறும் திறனில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். ஓசூர் போன்ற சுமார் 3,000 அடி உயர மேட்டுநிலத்தில் காற்று மெலிந்திருப்பதால் மிச்சத் திறனும் குறையும். இங்கே சுக்கான் மிதிக்கப் பழகிய கால் எங்கேயும் தடுமாறாது.

ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில்தான் 1990களில் தனேஜா நிறுவனம், இத்தாலியின் பார்ட்டனாவியா வடிவமைத்த பி68சி என்ற ஆறு இருக்கை இரட்டை எஞ்சின் விமானத்தைத் தயாரித்தது. விமானம் செய்த ஊர்ப் பிள்ளைகள் அதை ஓட்டப் பழகக் கடல் கடக்கிறார்கள்!

150 கி.மீ. சுற்றுவட்டத்தில் வேறு விமான நிலையம் கூடாது என்ற பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தின் தடை 2033 வரை நீடிக்கிறதே என்பார்கள். அது பயணிகள் விமான நிலையத்துக்கான தடை. பயிற்சிக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தனேஜாவின் பெலகொண்டப்பள்ளி ஓடுபாதையில் நேரம் வாடகைக்குப் பேசலாம். பெங்களூருவின் எச்ஏஎல் விமானத்தள வான்வெளி நெருக்கம்தான் உண்மையான சிக்கல். அதற்குப் பயிற்சி நேரத்தையும் உயரத்தையும் வரையறுத்துத் தரும்படி பாதுகாப்பு அமைச்சகத்திடம் மாநில அரசு இப்போதே கேட்க வேண்டும். நிலம் தரும் குடும்பங்களுக்கான பயிற்சி இடங்களும் கட்டணச் சலுகையும், இழப்பீட்டுத் தொகையோடு சேர்ந்து, நில எடுப்பு அறிவிக்கையிலேயே எழுத்தில் வர வேண்டும்.