பேரதிர்வின்றி நூறாண்டு: கலிஃபோர்னியாவின் அமைதி எதைக் குறிக்கிறது?

நிலநடுக்கங்களுக்குப் பெயர்போன அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், நிலவியலாளர்களைக் கவலைகொள்ளச் செய்திருப்பது நிலநடுக்கம் அல்ல, அது நிகழாமல் இருப்பதுதான்.

சான் ஆண்ட்ரியாஸ், சான் ஹசின்டோ, ஹேவர்ட் ஆகியவை அம்மாநிலத்தின் மூன்று முக்கிய நிலப்பிளவுகள். இவற்றில் பழங்கால நிலநடுக்கத் தடயங்களுக்காக அகழ்ந்து ஆராயப்பட்ட இடங்கள் எதிலும், 1918ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிலத்தின் மேற்பரப்பைக் கிழிக்கும் அளவுக்குப் பெரிய நிலநடுக்கம் ஏற்படவில்லை. 1989இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 63 பேரைப் பலிகொண்ட லோமா பிரியேட்டா நிலநடுக்கம்கூட இப்பட்டியலில் சேராது. 1994இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஏற்பட்ட நார்த்ரிட்ஜ் நிலநடுக்கமும், 2019இல் பாலைவனப் பகுதியில் 7.1 அளவில் பதிவான ரிட்ஜ்கிரெஸ்ட் நிலநடுக்கமும் வேறு பிளவுகளில் நிகழ்ந்தவை.

அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிளென் பியாசி, கேத்தரின் ஷாரர் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த அமைதியைக் கணக்கிட்டுப் பார்த்தது. பிளவின் குறுக்கே பள்ளம் தோண்டி, உடைந்தும் இடம்பெயர்ந்தும் கிடக்கும் மண் அடுக்குகளின் வயதை அளந்தால், எழுத்துப் பதிவு இல்லாத காலத்து நிலநடுக்கங்களையும் அறிய முடியும். இத்தகைய தடயங்களின்படி, கடந்த ஆயிரம் ஆண்டுகளில் நூற்றாண்டுக்கு சராசரியாக 3 அல்லது 4 பெரிய நிலநடுக்கங்கள் இப்பிளவுகளில் நிகழ்ந்துள்ளன. 1800க்கும் 1918க்கும் இடையில் மட்டும் 8 நிகழ்ந்தன. நூறாண்டு இடைவெளி தற்செயலாக ஏற்படுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று மட்டுமே என்பது அவர்கள் கண்ட முடிவு.

அப்படியானால் காரணம் என்ன? முழுமையான விடை இல்லை. ஒரு பிளவில் நிகழும் பெரும் அதிர்வு, அருகிலுள்ள பிளவுகளின் மீதான அழுத்தத்தைக் குறைத்து அவற்றைச் சில காலம் அடக்கிவைக்கலாம் என்பது ஒரு விளக்கம். சான் பிரான்சிஸ்கோவை அழித்த 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்கு முந்தைய பல பத்தாண்டுகளில் அந்த வளைகுடாப் பகுதி அடிக்கடி அதிர்ந்தது. அதற்குப் பின்னர் நெடுங்காலம் அடங்கியிருந்தது.

தெற்கே இன்னொரு விளக்கமும் உண்டு. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் தென்கோடியில், இன்று சால்டன் ஏரி உள்ள தாழ்நிலத்தில், கொலராடோ ஆறு திசைமாறிப் பாய்ந்த காலங்களில் கவீயா என்ற பேரேரி பலமுறை நிரம்பி வற்றியுள்ளது. அங்கு நிகழ்ந்த பெரிய நிலநடுக்கங்கள் ஏரி நிறைந்திருந்த காலங்களோடு ஒத்துப்போவதாக 2023இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. நீரின் பாரமும், பாறை இடுக்குகளில் ஊறும் நீரின் அழுத்தமும் பிளவை நழுவச் செய்கின்றன என்பது அதன் வாதம். 18ஆம் நூற்றாண்டில் பேரேரி வற்றிப்போனது. தென்கோடிப் பகுதியும் சுமார் 300 ஆண்டுகளாகப் பெரிதாக அசையவில்லை.

ஆனால் புவித்தட்டுகளின் நகர்வு ஏரிக்காகக் காத்திருப்பதில்லை. மத்தியப் பகுதியில் சான் ஆண்ட்ரியாஸின் இரு பக்கங்களும் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் வீதம் எதிரெதிராக நகர முயல்கின்றன. 1857இல் 7.9 அளவில் அதிர்ந்த பகுதி அதன் பின்னர் பூட்டியே கிடக்கிறது. எளிய பெருக்கல் கணக்கில், அங்கே ஐந்தரை மீட்டருக்கும் மேற்பட்ட நகர்வு தேங்கியிருக்கிறது.

இதிலிருந்து நாள் குறிக்க முற்பட்டால் என்னவாகும் என்பதற்கு பார்க்ஃபீல்ட் என்ற சிற்றூரே சான்று. 1857 முதல் 1966 வரை அங்கு ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலநடுக்கம் வந்தது. அடுத்தது 1993க்குள் வரும் என்று விஞ்ஞானிகள் அறிவித்து, கருவிகளைப் பொருத்திக் காத்திருந்தனர். வந்தது 2004 செப்டம்பரில். ஆகவே "கெடு கடந்துவிட்டது" என்ற பத்திரிகைச் சொற்களை நிலவியலாளர்கள் பலர் விரும்புவதில்லை. நிகழ்தகவாகவே அவர்கள் பேசுகின்றனர்: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2014க்கும் 2043க்கும் இடையில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஒரு நிலநடுக்கமேனும் ஏற்பட 72 சதவீத வாய்ப்பு உள்ளது என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் மதிப்பீடு.

அமைதியின் உண்மையான விளைவைக் கட்டடங்களில்தான் காண வேண்டும். 1900இல் லாஸ் ஏஞ்சலிஸின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. இன்று ஏறத்தாழ 40 லட்சம். நெடுஞ்சாலைகள், குடிநீர்க் கால்வாய்கள், அடுக்குமாடிகள் என அந்நகரத்தின் பெரும்பகுதி இந்த ஓய்வுக் காலத்திலேயே எழுந்தது. சான் ஆண்ட்ரியாஸின் தென்பகுதி 7.8 அளவில் அதிர்ந்தால் சுமார் 1,800 பேர் உயிரிழப்பர், 50,000 பேர் காயமடைவர் என்று 2008இல் தயாரிக்கப்பட்ட ஒரு மாதிரிக் கணிப்பு கூறியது.

ஹேவர்ட் பிளவின் நிலையும் இதுவே. அதில் பெரிய நிலநடுக்கங்களுக்கு இடையிலான சராசரிக் காலம் ஏறத்தாழ 150 ஆண்டுகள். கடைசியாக நிகழ்ந்தது 1868இல். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம் இப்பிளவின் மீதே அமர்ந்திருக்கிறது. புதுப்பித்தபோது, அதன் சில பகுதிகள் தனித்தனியே நகர்ந்துகொள்ளும்படி பிரித்துக் கட்டினார்கள். கணினித் துறைப் பணிக்காகச் சென்ற தமிழர்கள் உள்ளிட்ட இந்தியக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் ஃப்ரீமாண்ட் நகரின் ஊடாகவும் இதே பிளவுதான் செல்கிறது. கலிஃபோர்னியாவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு நிலநடுக்கச் சேதத்துக்குப் பொருந்தாது. அதற்கென வேறு காப்பீடு வாங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு அது இல்லை.

செலவு யாருடையது என்பதும் சிக்கலான கேள்வி. தரைத்தளத்தில் வாகன நிறுத்தமும் மேலே குடியிருப்புகளும் கொண்ட பழைய மரக் கட்டடங்களை வலுப்படுத்துமாறு லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015இல் சட்டம் இயற்றியது. அந்தச் செலவில் பாதியை வாடகைதாரர்களிடமிருந்து வசூலிக்க உரிமையாளர்களுக்கு அனுமதி கிடைத்தது. நடுங்காத நிலத்துக்காக வாடகையை உயர்த்துவதா என்ற மனக்குறை எழுவதில் வியப்பில்லை. மரக் கட்டடங்களுக்கு 7 ஆண்டுகள் அவகாசம் தரப்பட்டது. இடிந்தால் கூடுதல் உயிர்களைப் பறிக்கக்கூடிய பழைய கான்கிரீட் கட்டடங்களுக்கு அதே சட்டம் அளித்திருக்கும் அவகாசம் 25 ஆண்டுகள்.