குடல் மேலே ஏறினால்...

வாசகர்களே, குடலிறக்கம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பாரம் தூக்கும் ஆண்கள் குடல் கீழே சரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தைத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறோம். பிறக்கும்போதே குடல் மேலே, நெஞ்சுக்குள் ஏறிவிட்ட பிள்ளைகளும் உண்டு. ஏறக்குறைய 3,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் தடுப்பு இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் ஓட்டை நின்றுவிட்டால் இரைப்பையும் குடலும் அதன் வழியே மேலேறும். நுரையீரல் வளர இடமின்றிச் சிறுத்துப்போகும். பெரிய ஆபத்து இதுதான்.

ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து இதை வகைப்படுத்துகிறார்கள்.

முதல் வகை, முதுகுப் பக்கமாக விழும் ஓட்டை. 1848-இல் இதை விவரித்த போக்டலெக் என்பவரின் பெயரால் வழங்குகிறது. அதிகம் காண்பது இதுவே. 100-க்கு 80-க்கு மேல் இடப்பக்கம்தான். வலப்பக்கமானால் கல்லீரலும் மேலேறலாம்.

இரண்டாவது வகை, நெஞ்செலும்புக்குப் பின்னால், முன்பக்கம் விழுவது. 18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் மோர்கானியின் பெயர் கொண்டது. இது அபூர்வம், பெரும்பாலும் வலப்பக்கம். வளர்ந்த பிறகு எக்ஸ்ரே எடுக்கும்போது தெரியவருவதும் உண்டு.

இவற்றை ஒத்த இன்னொரு கோளாறில் ஓட்டை இராது. தசை மெலிந்து, பலூன்போல் மேலே புடைத்திருக்கும்.

பிறந்த பிள்ளைக்கு மூச்சுத் திணறி, உடல் நீலம் பாரித்து, வயிறு ஒட்டியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் பல சமயம் இக்குறை முன்னதாகவே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், குழந்தை அறுவை மருத்துவர் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதே நல்லது. அங்கே முதலில் பிள்ளையின் மூச்சைச் சீராக்கி, பிறகுதான் குடலைக் கீழே இறக்கி ஓட்டையை அடைப்பார்கள்.

மாமியார்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் பால் வாளி தூக்கியதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ இது வருவதில்லை. பிள்ளைக்காகத் துடிக்கும் தாயின் தலையில் பழியையும் ஏற்றாதீர்கள். கிளினிக்குக்கு அவளோடு கூடப் போங்கள். அதுவே பெரிய உதவி.