காது உடைந்தால் முகத்தையே மாற்றுவார்களா?

காரின் ஹெட்லைட்டைக் கழற்றி, பின்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் கண்ணாடி போலத் தெரிவது இந்தக் காலத்துக் கார்களில் கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். பின்னால் இருக்கும் கறுப்புக் கூடு பெரும்பாலும் டால்க் பவுடர் கலந்த பாலிப்ரொப்பிலீன். அந்தக் கூட்டில் மூன்று நான்கு இடங்களில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பவைதான் காதுகள். அவற்றில் திருகு முடுக்கித்தான் விளக்கைக் காரோடு பிடித்து வைக்கிறார்கள். நம் தெருவில் ஒரு ஆட்டோவோ பைக்கோ லேசாக உரசினால் முதலில் ஒடிவது அந்தக் காதுதான். பல்பு எரியும். லென்ஸில் ஒரு கீறல்கூட இருக்காது. விளக்கு மட்டும் லொடலொடவென்று ஆடும்.

சர்வீஸ் சென்டரில் போய் நின்றால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். எனக்கும் போன மாதம் அதுவே கிடைத்தது. "சார், காது மட்டும் தனியா வராது சார். அசெம்பிளியே மாத்தணும்." மதிப்பீடு ரூ.11,400. ஒடிந்திருந்தது என் சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக்.

"மாற்றித்தான் ஆக வேண்டும்" என்பது பொய். யோசித்துத்தான் இந்தச் சொல்லை எழுதுகிறேன். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் பல மாடல்களுக்கு, ஒடிந்த காதின் இடத்தில் திருகு போட்டுப் பொருத்திக்கொள்ள மாற்றுக் காதை அந்தக் கம்பெனிகளே உதிரிபாகமாக விற்கின்றன. கூட்டை வார்க்கும்போதே அதற்கான இடம் விட்டு வார்க்கிறார்கள். ஆகவே, செய்ய முடியாத காரியம் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். செய்ய மனமில்லை, அவ்வளவுதான். ஒரு காதை விற்பதில் என்ன லாபம்?

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ஈயம் பூசுகிறவர், அம்மி கொத்துகிறவர் வரிசையில், "பிளாஸ்டிக் குடம், பக்கெட் ஒட்டறதே!" என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். கரி அடுப்பில் ஒரு இரும்புப் பட்டையைக் காய்ச்சி, விரிசலின் மேல் பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து உருக்கித் தேய்ப்பார். ஒரு நாற்றம் வரும். பக்கெட் இன்னும் நாலு வருஷம் உழைக்கும். இன்றைக்கு பிளாஸ்டிக் வெல்டிங் என்று பெரிய பெயரில் வீடியோ போடுகிறார்களே, அதே வேலைதான்.

தொலைபேசித் துறையில் 34 வருஷம் சால்டரிங் அயர்ன் பிடித்த கை என்னுடையது. அதனால் மொட்டை மாடியில் உட்கார்ந்து நானே செய்தேன். அதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கூட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் PP என்றோ ABS என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். முன்னது பாலிப்ரொப்பிலீன், பசை அதில் ஒட்டாது. ஃபெவிகுவிக், அரால்டைட், எம்-சீல் எதைப் போட்டாலும் பழகிய கல்லிலிருந்து தோசை கிளம்புவது போலக் கிளம்பிவிடும். அதை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். ஏபிஎஸ் என்றால் விஷயமே வேறு. அதே பிளாஸ்டிக் தூளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கித் தடவினால் இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகிவிடும். ஆனால் அசிட்டோன் ஒரு சொட்டுகூட முன்பக்க லென்ஸில் படக்கூடாது. பாலிகார்பனேட் வெளுத்து விரிசல் விடும்.

என்னுடையது பாலிப்ரொப்பிலீன். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விளக்கைக் கழற்றி, பல்புகளையும் வெளியே எடுத்து வைத்தேன். ஒடிந்த துண்டைச் சரியான இடத்தில் பொருத்தி நாலு மூலையில் உருக்கிப் பிடிக்க வைத்தேன். பிறகு வீட்டில் தூக்கிப் போட இருந்த எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலையை வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, அயர்ன் முனையால் அழுத்திப் பிளாஸ்டிக்குக்குள் புதைத்தேன். கட்டடத்துக்குக் கம்பி கட்டுவது போல. அதன்மேல் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்பினேன். ஓட்டலில் சாம்பார் கொடுத்த டப்பாதான் அது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் பாலிப்ரொப்பிலீன். 2 என்று போட்டிருப்பது இதோடு சேராது. புகை நல்லதல்ல, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. செலவு என்று சொல்ல வடிகட்டிக்கு என் மனைவி புதிதாக வாங்கியது மட்டுமே.

"சேஃப்டி சார்" என்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அரைகுறை. காது செய்வது ஒரே வேலை: விளக்கை அதன் கோணத்தில் அசையாமல் நிறுத்துவது. அது நின்றதா என்று பார்க்கச் சமதளத்தில் ஒரு சுவர் போதும். காரை 25 அடி தள்ளி நிறுத்தி, இரண்டு விளக்கின் வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஆடினாலோ ஒன்று மேலே போனாலோ எதிரே வருகிறவன் கண் கூசும், அப்போது ஓட்டாதீர்கள். லென்ஸ் உடைந்து தண்ணீர் புகுந்தாலோ உள்ளே பிரதிபலிப்பான் உருகியிருந்தாலோ மாற்றுவதுதான் சரி. அதை நான் மறுக்கவில்லை. காது ஒடிந்ததையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

அடுத்து, "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாமே சார்" என்று ஒரு வலை விரிப்பார்கள். ஜீரோ டெப் இல்லாத சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் கிடைக்கும். அதிலும் சிறிய காருக்கு 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். ஐந்து வருஷம் கிளைம் செய்யாமல் சேர்த்த 50 சதவீத போனஸ் அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது அப்பீல், கோர்ட் என்று இழுத்தது தனிக்கதை. 2022ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, மோட்டார் வாகனத்தையும் அதில் சேர்த்தது. டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் ஹெட்லைட்டின் காது தனியாக வேண்டும் என்று அந்த உரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு கவுன்ட்டரில் கேட்டுப் பாருங்கள், அந்தப் பையன் உங்களை எப்படிப் பார்க்கிறான் என்று தெரியும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கழற்றி மாட்டத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் 7 அங்குல வட்ட விளக்கு. உடைந்தால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இப்போது ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு முகம். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த அழகுக்கு நாம் ஒரு முறை விலை கொடுத்தால் போதும் என்பதுதான் என் கட்சி.

அயர்ன் பிடிக்கத் தெரியாதவர்களும் உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பம்பர் ஒட்டுகிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. விளக்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேறு வழியில்லாமல் கைக்காசு போட்டு மாற்றினீர்கள் என்றால், பழைய அசெம்பிளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அது உங்கள் சொத்து. மற்ற மூன்று காதுகளும் அதில் நன்றாகத்தான் இருக்கும்.