யாருங்க கொடுத்தது?

திருப்பூர்ல எந்த பேக்கரி வாசல்ல டீ குடிச்சாலும் ஒரு வசனம் காதுல விழும். "அவிங்களுக்கென்னங்க, கவர்மெண்ட்டே எல்லாச் சலுகையும் குடுத்துருச்சு!" கட்டிங் மாஸ்டரும் சொல்றார், கம்பெனி ஓனரும் சொல்றார். நாலு புத்தகம் படிச்ச கோஷ்டி கொஞ்சம் மாத்திச் சொல்லும். காந்தி கொடுத்தார், பெரியார் கொடுத்தார்னு.

சரி, கேட்டது யாரு?

1891 டிசம்பரில், நமக்குப் பக்கத்து நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அப்போது பெரியாருக்கு 12 வயசு. அம்பேத்கர் கைக்குழந்தை. மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் தண்டிக்கச் சட்டம் வேண்டும், பொதுக்கிணறு, குளத்தில் தண்ணீர் எடுக்க உரிமை வேண்டும், சிறையில் எங்க ஆட்களை மட்டும் மலம் அள்ள வைக்கிற விதியை எடுக்கணும்... இப்படிப் போகுது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989ல். கணக்குப் போட்டுப் பாருங்க, 98 வருஷம்!

1892ல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குப் போன கதையைப் பண்டிதரே பின்னாடி எழுதியிருக்கிறார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லைன்னு கேட்டிருக்கார். தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கே, சிவனும் விஷ்ணுவும் உங்க குலத்துக்கு உரியவங்க இல்லைன்னாராம். அப்படின்னா உங்க சாமியே எங்களுக்கு வேண்டாம், பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் கொடுங்கன்னு கேட்டார் மனுஷன். கோபத்திலும் எவ்வளவு தெளிவு!

அதே வருஷம் செப்டம்பர் 30ல், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீரின் அறிக்கையை வைத்து அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் அப்படி வந்ததுதான். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். மற்ற சாதிக்காரர் வாங்கினால் செல்லாது. ஆனாலும் பெரும்பகுதி கைமாறியாச்சு. வில்லங்கம் பார்த்து சைட் வாங்குற நமக்கு இது தெரியாதாக்கும் :-) அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதுக்குத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் இரண்டு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

1893லேயே இரட்டைமலை சீனிவாசன் இழிவாச் சொன்ன பெயரையே தலைப்பா வச்சு 'பறையன்' பத்திரிகை நடத்தினார். கோயமுத்தூரில் படிச்சவர். 1922ல் எம்.சி.ராஜா சட்டசபையில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை வாங்கினார். ஆதி என்றால் இந்த மண்ணில் முதலில் இருந்தவர். 1924ல் பொதுச்சாலையும் கிணறும் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம். அதுக்காகச் சட்டசபையில் சண்டை போட்டவர்களில் கோவை வீரையனும் ஒருத்தர். திருப்பூர் அப்ப கோவை ஜில்லா. நம்ம ஊர்ப் பாடப்புத்தகம் படிச்ச எத்தனை பேருக்கு வீரையனைத் தெரியும்?

நம்ம பனியன் போகிற ஆஸ்திரேலியாவிலும் இதே பாட்டுதான். 1967 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல வெள்ளைக்காரங்க ஓட்டுப் போட்டு ஆதிக்குடிகளுக்கு உரிமை கொடுத்தோம்னு பெருமை. ஆனா 1938 ஜனவரி 26ல், குடியேறின 150ஆவது வருஷத்தை ஊரே கொண்டாடும்போது, சிட்னியில் வில்லியம் கூப்பர், ஃபெர்குசன், பேட்டன் எல்லாம் துக்க நாள்னு கூட்டம் போட்டுக் குடியுரிமை கேட்டாங்க. அந்த ஹாலுக்குள்ள அவங்களைப் பின்வாசல் வழியாத்தான் விட்டாங்களாம். ரெட்டை டம்ளர் பார்த்த ஊர்க்காரனுக்கு இதை விளக்கணுமா?

2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதுன்னு கூட்டம் கூடியது. உடனே அதிகாரிகள் செஞ்சது என்ன? அந்தம்மாவை இடம் மாத்தினாங்க. போராட்டம் நடந்த பிறகுதான் மாறுதல் ரத்தாச்சு, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் வழக்கும் பதிவாச்சு. இதையும் சலுகை லிஸ்ட்ல சேர்த்துக்கறீங்களா?