39-வது பாக்கெட்டில்தான் லாபம்!

‘உங்க வீட்டு இட்லி பஞ்சு மாதிரி இருக்கு. மாவு அரைச்சு வித்தா பிச்சுக்கிட்டுப் போகும்!’ நாலு பேர் இப்படிச் சொன்னதும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு கிலோ மாவு பாக்கெட் 50 ரூபாய். அரிசி, உளுந்து, கரன்ட், கவர் எல்லாம் சேர்த்து அடக்கம் 30 ரூபாய். தினமும் 40 பாக்கெட் போடுகிறீர்கள். 36 விற்கிறது, 4 புளித்து வீணாகிறது. வரவு 1,800, செலவு 1,200, மிச்சம் 600. மாதம் 25 நாளுக்கு 15,000 ரூபாய். ‘அட, பரவாயில்லையே!’ என்று தோன்றும்.

கிரைண்டர் தவணை, பெட்ரோல் என 4,000 கழியுங்கள். மீதி 11,000. அதே நேரத்துக்கு வெளியே வேலைக்குப் போனால் 12,000 கிடைக்கும் என்றால், அதுதான் உங்கள் சம்பளம். வீட்டில் பலரும் எழுத மறக்கிற செலவு இது. அதையும் கழித்தால் மாதம் 1,000 ரூபாய் நஷ்டம்!

தினம் 4 வீணானாலும் 38 விற்றால் கணக்கு நேராகும். 39-வது பாக்கெட்டிலிருந்துதான் லாபம்.

இன்னொரு வழியும் உண்டு. முதல் நாளே வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, 36 பாக்கெட்டுக்கு மட்டும் அரையுங்கள். விற்பனை அதேதான். ஆனால், எதுவும் வீணாகாததால் 1,000 நஷ்டம் 2,000 லாபமாகிவிடும்.

வீட்டு கிரைண்டரிலேயே 10 பாக்கெட்டோடு ஆரம்பியுங்கள். வாங்கியவர்கள் அடுத்த மாதமும் காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று பாருங்கள். அதுவரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்!